துருப்பிடித்த இரும்பு வாணலியைத் தூக்கிப் போட வேண்டியதுதானா, திரும்பப் பழக்க முடியுமா?

தூக்கிப் போடாதீர்கள். செக்கச்செவேலெனத் துருவேறிக் கிடந்தாலும் மீட்டுவிடலாம். விரிசல் விட்டிருந்தாலோ, ஈயம் உருக்கப் பயன்பட்டது என்று தெரிந்தாலோ மட்டும் அது சமையலுக்கு வேண்டாம்.

லேசான துரு என்றால் கம்பி நாரும் பாத்திரம் கழுவும் சோப்பும் போதும். கனமாகப் படிந்திருந்தால் வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து அதில் வாணலியை முக்கி வையுங்கள். அரை மணிக்கு ஒருமுறை எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். நான் முதல்முறை செய்தபோது இரவு முழுக்க ஊறவிட்டேன். காலையில் துரு போயிருந்தது; ஆனால் அமிலம் துருவோடு நிற்காமல் இரும்பையும் அரித்து, அடிப்பக்கம் சொரசொரவென்று ஆகிவிட்டது. அதனால்தான் அரை மணிக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்கச் சொல்கிறேன்.

சாம்பல் நிற இரும்பு தெரிந்ததும் நன்றாகக் கழுவி, துடைத்து, உடனே அடுப்பில் ஏற்றிக் காய வையுங்கள். அந்த நிலையில் ஈரத்தோடு சில நிமிடம் விட்டாலே மறுபடி செம்மை படரத் தொடங்கிவிடும்.

அப்புறம் பழக்குவது, அதாவது எண்ணெய் தடவிச் சூடாக்கிப் படலம் பிடிக்க வைப்பது. பலருக்குக் காரியம் கெடுவது இங்கேதான், காரணம் பெரும்பாலும் அதிக எண்ணெய். மெல்லிய எண்ணெய்ப் பூச்சு நல்ல சூட்டில் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து, இரும்போடு ஒட்டிய கெட்டியான படலமாகிறது. தடிமனாகப் பூசினால் அது சரியாக இறுகாமல் பிசுபிசுவென்று நின்றுவிடும். ஆகவே வெதுவெதுப்பான வாணலியில் உள்ளும் புறமும் கைப்பிடியிலும் எண்ணெய் தடவுங்கள். பிறகு தடவியதே தவறு என்பதுபோல உலர்ந்த துணியால் துடைத்தெடுங்கள். எண்ணெயே இல்லையோ என்று சந்தேகம் வரும். அந்த அளவுதான் சரி.

ஓவன் இருந்தால் 230 டிகிரி செல்சியஸில் கவிழ்த்து ஒரு மணி நேரம் வைத்து, உள்ளேயே ஆறவிடுங்கள். மரம் அல்லது பிளாஸ்டிக் கைப்பிடி என்றால் முதலில் கழற்றிவிட வேண்டும். ஓவன் இல்லையா? அடுப்பில் மிதமான தீயில், எல்லாப் பக்கமும் சூடு படுமாறு நகர்த்தி, புகை எழுந்து அடங்கும்வரை காய்ச்சுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். எப்படிச் செய்தாலும் மூன்று நான்கு முறை திரும்பச் செய்தால்தான் கறுப்பு நன்றாகப் பிடிக்கும்.

எண்ணெயைப் பொறுத்தவரை சூரியகாந்தியோ சோயாவோ போதும். ஆளிவிதை எண்ணெயைப் பலர் பரிந்துரைப்பார்கள். அதன் படலம் அழகாக, கடினமாக வரும். ஆனால் செதில் செதிலாக உரியக்கூடியது என்பதால் நான் சொல்ல மாட்டேன்.

சோப்பு போட்டால் எல்லாம் போய்விடும் என்ற பயம் வேண்டாம். இறுகிய படலம் இனி எண்ணெய் அல்ல, சாதாரண சோப்பில் கரையாது. ஊற வைப்பதுதான் ஆகாது. தொடக்கத்தில் புளிப்பான சமையலையும் தள்ளிப்போடுங்கள், புளிப்பு புதுப் படலத்தைத் தின்றுவிடும். வார்ப்பிரும்பு என்றால் சூடாக இருக்கும்போது பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் விட்டுவிடலாம்.

பின்னாளில் எங்காவது சிறு துருப்புள்ளி வந்தால் மொத்தத்தையும் முதலிலிருந்து தொடங்க வேண்டாம். அந்த இடத்தை மட்டும் தேய்த்து, காயவைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவித் துடைத்துச் சூடாக்குங்கள். சரியாகிவிடும்.