காலையில் தேறும் சிலிண்டர் மதியம் தவறுவது ஏன்?

திருவொற்றியூரில் பட்டறை வைத்திருக்கும் ஒரு வாசகரின் கேள்வி இது: "ஆக்சிஜன் சிலிண்டர்களுக்கு ஹைட்ரோ டெஸ்ட் செய்ய வாட்டர் ஜாக்கெட் அமைத்து ஒத்திகை பார்த்து வருகிறேன். ஒரே வகைச் சிலிண்டர்கள் காலையில் தேறுகின்றன, மதியம் தவறுகின்றன. கணினியில் அளவைப் பதியும் கருவி வாங்கினால் சரியாகிவிடும் என்கிறார் தரகர். வாங்கலாமா?"

இப்போதைக்கு வாங்க வேண்டாம். குறை பதிவதில் இல்லை, நீங்கள் பயன்படுத்தும் தண்ணீரின் சூட்டில் இருக்கிறது.

ஹைட்ரோ டெஸ்ட் என்பது சிலிண்டருக்குள் நீரை அழுத்தி ஏற்றி அதன் வலுவைச் சோதிப்பது. அப்போது சிலிண்டரை இறக்கிவைக்கும், நீர் நிரம்பிய மூடிய கலனே வாட்டர் ஜாக்கெட். சோதனை அழுத்தத்தில் சிலிண்டர் விரியும்போது ஜாக்கெட்டிலிருந்து வெளியேறும் நீரே மொத்த விரிவு. அழுத்தத்தை இறக்கிய பிறகும் திரும்பாமல் நிற்பது நிரந்தர விரிவு. இது மொத்த விரிவில் 10 விழுக்காட்டைத் தாண்டினால் சிலிண்டர் கழிக்கப்பட வேண்டும். மொத்தம் 200 மில்லிலிட்டர் விரிந்தால் வரம்பு வெறும் 20 மில்லிலிட்டர்தான். ஜாக்கெட்டில் உள்ள 100 லிட்டர் நீரோ, 30 டிகிரி வெப்பத்திலிருந்து ஒரே ஒரு டிகிரி ஏறினாலும் 25 மில்லிலிட்டருக்கு மேல் பெருகிவிடும். மதிய வெப்பத்தில் ஜாக்கெட் நீர் சூடேறும்போது நல்ல சிலிண்டர் தவறுவது இதனால்தான். மொட்டைமாடித் தொட்டியில் வெயிலில் காய்ந்த நீரை ஊற்றி அது ஆறிக்கொண்டிருக்கும்போது சோதித்தால், கெட்ட சிலிண்டரும் தேறிவிடும். எனக்கு அச்சம் தருவது இதுதான்.

சிலிண்டருக்கும் ஜாக்கெட்டுக்கும் பம்புக்கும், நிழலில் முதல்நாளே பிடித்து வைத்த ஒரே தொட்டி நீரைப் பயன்படுத்துங்கள். காற்றுக்குமிழிகளை முழுதும் வெளியேற்றிவிட்டு, அழுத்தம் ஏற்றாமல் சில நிமிடங்கள் ப்யூரெட்டை, அதாவது வெளியேறும் நீரை அளக்கும் கோடிட்ட கண்ணாடிக் குழாயைப் பாருங்கள். நீர்மட்டம் நகர்ந்தால் சோதனையைத் தொடங்காதீர்கள். விரிவு முன்னரே அளந்து சான்றளிக்கப்பட்ட அளவுச் சிலிண்டர் ஒன்றை வைத்து ஒவ்வொரு நாளும் கருவியைச் சரிபார்த்த பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

தரகர்கள் சொல்லித்தரும் இரண்டு தந்திரங்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். "ஒருமுறை ட்ரையல் ஏற்றிவிட்டுப் பிறகு பதியுங்கள்" என்பார்கள். முதல் ஏற்றத்திலேயே உலோகம் நீள வேண்டிய அளவு நீண்டுவிடுவதால், இரண்டாம் முறை எந்தச் சிலிண்டரும் யோக்கியன்போல நடிக்கும். அடுத்தது, முடிவை நாமே தட்டச்சு செய்து அழகான வரைபடமாக அச்சடித்துக்கொள்ளும் மென்பொருள். அழுத்த உணர்கருவியிலிருந்தும், ப்யூரெட்டுக்குப் பதிலாக வெளியேறும் நீரை நிறுக்கும் தராசிலிருந்தும் நேரத்தோடு வரும் மூல அளவைத் திருத்த முடியாதபடி சேமிக்காத கருவி, கருவியே அல்ல. செம்புதாஸ் தெருவில் வாங்கும் பிரஷர் கேஜுக்கும் அளவீட்டுச் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள்.

அனுமதிக்கு, வெடிபொருள், எரிவாயுச் சிலிண்டர் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான பெசோவிடம் (PESO) இணையவழியில் நீங்களே விண்ணப்பிக்கலாம். அதற்குத் தரகர் தேவையில்லை. கட்டுக்கட்டாக வரைபடம் கேட்கும் நம் நடைமுறையில் தண்ணீரின் சூட்டை யாரும் கேட்பதில்லை என்ற எரிச்சல் எனக்கு எப்போதும் உண்டு.

ஒரு விலக்கை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். வெல்டிங் பட்டறைகளிலிருந்து ஆக்சிஜனோடு அசிட்டிலின் சிலிண்டரும் உங்களிடம் வரும். வெளித்தோற்றத்தில் இரண்டும் இரும்புதான் என்றாலும், அசிட்டிலின் சிலிண்டருக்குள் நுண்துளைப் பொருள் நிறைந்து, அதில் அசிட்டோன் ஊறியிருக்கும். அதில் நீரேற்றினால் அந்த நிரப்பியே பாழாகிவிடும். "சும்மா ஒரு முறை" என்று வாடிக்கையாளர் கெஞ்சினாலும், கூடுதல் கூலி தந்தாலும், பாதி நிரப்பினால் போதும் என்று உங்கள் ஆளே சொன்னாலும், அதை ஜாக்கெட்டில் இறக்காதீர்கள். அதற்கான ஆய்வு முறை வேறு. அதற்குரிய நிலையத்துக்கே அனுப்பிவிடுங்கள்.