நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருக்கால் பூச்சிக் குளிசை குடுக்கிறோம். இதயப்புழுவுக்கும் அது காணுமா?

காணாது. கிளிநொச்சியில் குளக்கட்டுக்குக் கிட்ட வீடு, நாய் இரவில் முற்றத்தில்தான் படுக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அறவே காணாது.

நீங்கள் குடுக்கிற குளிசையில் இருப்பது பெரும்பாலும் பைரன்டெலும் பிராசிகுவான்டெலும். அவை குடலுக்குள் இருக்கிற புழுவுக்கு. இதயப்புழு குடலுக்குள் குடியிருப்பதில்லை. நுளம்பு கடித்த துளையால் குடம்பியாக உள்ளே போய், தோலுக்கடியிலும் தசையிலும் வளர்ந்து, ஆறேழு மாதத்தில் நுரையீரல் நாடிகளுக்குள் முற்றிய புழுவாகிவிடும். பெண்புழு 25 முதல் 30 சென்ரிமீற்றர் நீளம். உண்ணிக்குக் குடுக்கிற அஃபோக்சொலனர், ஃபுளூரலனர் குளிசைகளும் தனியே இதற்கு உதவாது. பெட்டியில் ஐவர்மெக்டின், மில்பிமைசின், மொக்சிடெக்டின், செலமெக்டின் நாலில் ஒன்று இருக்கிறதா, நாய்களின் இதயப்புழுவுக்கென்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

இந்த நாலில் ஒன்றுள்ள மாதக் குளிசை வரப்போகிற நுளம்பைத் தடுப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். இல்லை, போன மாதம் உள்ளே வந்த குடம்பிகளைத்தான் அது கொல்கிறது. ஏறக்குறைய 50 நாள் தாண்டிய குடம்பி அந்த அளவு மருந்துக்குச் சரிவரச் சாகாது. மாதக் கணக்கு அதனால்தான். குட்டிக்கு எட்டு வாரத்துக்குள் தொடங்குங்கள், வளர்கிற காலத்தில் ஒவ்வொரு முறையும் நிறுத்துக் குடுங்கள். செலமெக்டின் சொட்டு என்றால் பிடரி மயிரை விலக்கித் தோலில் விட வேண்டும், இரண்டு மணித்தியாலத்துக்குக் குளிக்க வார்க்கக்கூடாது. மாரிக்கு மட்டும் குடுத்தால் போதும் என்பவர்களுக்கு: கோடையில் வயல் காயும், குளியலறைத் தண்ணி போகிற கிடங்கு காயாது. 12 மாதமும் வேண்டும்.

"மருந்துக் கம்பனி ஆள் மாதிரிக் கதைக்கிறார், மாட்டுக்குப் போடுகிற ஐவர்மெக்டினில் அரை மில்லி அடித்தால் சரிதானே" என்று கீழே ஒருவர் எழுதுவார், தெரியும். கணக்கைப் பாருங்கள். தடுப்புக்கு வேண்டியது கிலோவுக்கு 6 மைக்ரோகிராம். 15 கிலோ நாய்க்கு 90. மாட்டு மருந்து 1 சதவீதம், ஒரு மில்லியில் 10,000 மைக்ரோகிராம். ஆக வேண்டியது 0.009 மில்லி, ஒரு மில்லி சிறிஞ்சின் ஆகச் சின்னக் கோடே 0.01. அரை மில்லி 55 மடங்கு. ஊர் நாய்கள் அநேகம் அதைத் தாங்கிவிடும், அதுதான் ஆட்களுக்கு நம்பிக்கை. ஆனால் கோலி இன இரத்தம் கலந்த நாய்களும் சில அல்சேசன்களும் தாங்காது: கண்மணி விரியும், தள்ளாடும், எச்சில் வடியும், நடுங்கும், மயங்கும். முறிப்பு மருந்து கிடையாது. இரத்தத்தில் நுண்புழு, அதாவது முற்றிய புழு ஈனுகிற கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள், நிறைந்த நாயென்றால் அவை ஒரேயடியாகச் செத்து நாய் அதிர்ச்சியில் விழவும் கூடும்.

அதனால் ஏழு மாதத்துக்கு மேற்பட்ட நாய்க்கு முதலில் மிருக வைத்தியரிடம் இரத்தம் பாருங்கள். கண்ணாடித் தகட்டில் நுண்புழு தெரிந்தது என்றவுடன் இதயப்புழு என்று குழற வேண்டாம். இலங்கை நாய்களில் வழமையாகக் காண்பது டைரோஃபைலேரியா ரெப்பென்ஸ். அது தோலுக்கடியில் இருக்கிற இனம், இதயத்துக்குப் போகாது. இடைக்கிடை மனிதருக்கும், சின்னப் பிள்ளைகள் உட்பட, தோலில் கட்டியாக வரும், கண்ணிலும் வரும். அதைக் கடத்துவதும் நுளம்புதான். இதயப்புழு என்று உறுதிப்படுத்த அன்டிஜன் பரிசோதனை, அதாவது புழு இரத்தத்தில் விடுகிற புரதத்தைத் தேடுகிற பரிசோதனை, வேண்டும். அது பெண்புழுவைத்தான் பிடிக்கும், தொற்றி ஆறு மாதத்துக்குள் எடுத்தால் பொய்யாக 'இல்லை' என்று காட்டும்.

நுளம்புக்கு: பழைய ரயர், சிரட்டை, மூடாத தொட்டி எல்லாம் வாரம் ஒருக்கால் கவிழ்க்க வேண்டும். பொழுதுபட்டால் நாயை வலை அடித்த கூட்டுக்குள் விடுங்கள். பேர்மெத்ரின் சொட்டு நாய்க்கு நல்லது. வீட்டில் பூனை இருந்தால் வேண்டாம், பூனை செத்துப்போகும். மண்ணெண்ணெயும் கழிவு ஒயிலும் பூசுகிற வைத்தியத்தைத் தயவுசெய்து விடுங்கள், தோல் வெந்துபோகும்.

ஒரு மாதம் தவறினால் அடுத்த மாதம் இரட்டிப்பாகக் குடுக்காதீர்கள். நினைவு வந்த அன்றே ஒன்று, பிறகு மாதாமாதம். இரண்டு மாதத்துக்கு மேல் விட்டிருந்தால் ஏழு மாதம் கழித்து மறுபடி இரத்தம் பாருங்கள்.