பல் விழுந்த கனவும் மூன்று நூல்களும்

பல் விழுவதாகக் கனவு கண்டால் ஒரு நூல் சாவு என்கிறது, மற்றொன்று வேறு பலன் கூறுகிறது, எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். கனவு கண்டவர் யார் என்று கேட்காத நூலை நான் நம்புவதில்லை.

எங்கள் வீட்டுப் பஞ்சாங்கத்தில், பல்லி விழும் பலனுக்குப் பக்கத்திலேயே கனவுப் பலனும் இருக்கும். பாம்பு கடித்தால் செல்வம், பல் விழுந்தால் உறவில் சாவு என ஆளுக்கொரு வரியாக அல்லாமல், ஊருக்கே ஒரு வரியாக அச்சிட்டிருப்பார்கள். என் பாட்டி அத்துடன் விடமாட்டார். எந்தச் சாமத்தில் கண்டாய் என்று விசாரிப்பார். முதற்சாமக் கனவு ஓராண்டிலும், இரண்டாம் சாமத்தது எட்டு மாதத்திலும், மூன்றாவது மூன்று மாதத்திலும், விடியற்காலைக் கனவு பத்து நாளிலும் பலிக்கும் என்பது பழைய கனா நூல் மரபு. கெட்ட கனவென்றால் முதற்சாமத்திற்குத் தள்ளிவிடுவது அவருடைய கைவைத்தியம்.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ஆர்ட்டிமிடோரஸ் கிரேக்க மொழியில் எழுதிய கனவு நூல் ஐந்து பாகங்கள் கொண்டது. வாயை வீடாகவும் பற்களை அதில் வாழ்வோராகவும் கொள்ளும் அவர், மேல்வரிசை வீட்டில் முக்கியமானவர்களைக் குறிக்கும் என்கிறார். இதுவரை பஞ்சாங்கத்தின் சாயல்தான். ஆனால் ஒரே கனவு செல்வருக்கு ஒன்று, ஏழைக்கு வேறொன்று என்று தொழில், உடல்நிலை, வழக்கம் ஆகியவற்றை விசாரித்த பிறகே பலன் சொல்ல வேண்டும் என அவர் வற்புறுத்துவதால்தான், பதினேழு நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த உளப்பகுப்பாய்வின் முன்னோடி ஃபிராய்டும் ‘கனவுகளின் விளக்கம்’ என்ற தம் நூலில் அவரை மதிப்போடு குறிப்பிடுகிறார். 1899 நவம்பரில் வெளியாகி, முகப்புப் பக்கத்தில் 1900 என்று ஆண்டிட்டிருந்த அந்நூலின் முதற்பதிப்பு 600 படிகளே. அவை விற்றுத் தீர எட்டாண்டுகள் ஆயின. விளக்கம் சொல்லும் பொறுப்பையே கனவு கண்டவரிடம் ஒப்படைத்தது ஃபிராய்டின் புதுமை. எனினும் பல் கனவை அவரும் பாலுணர்வில் கொண்டுபோய் நிறுத்துவது எனக்கு உவப்பாக இல்லை.

ஆகவே, ஒன்றுதான் படிக்க நேரம் உண்டு என்றால் ஆர்ட்டிமிடோரஸைப் படியுங்கள். வீட்டுக் கடனுக்குத் தவணை கட்டிக்கொண்டிருந்த நாட்களில் எனக்கும் பல் கனவு வந்தது. கடனாளிக்குப் பல் விழுந்தால் கடன் அடையும், வலியின்றி விழுந்தால் உழைத்து அடைப்பான், வலித்தால் பொருளை விற்று அடைப்பான் என்று அவர் எழுதியிருப்பதைப் படித்ததும் சிரித்துவிட்டேன். பிறகு வெகுநேரம், கனவில் வலித்ததா என்று நினைவுபடுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன்.