சுரங்க வாசலில் நின்றுவிடுங்கள். கதை வெளியேதான் இருக்கிறது

கேள்வி: பத்து வயது மகளுடன் மலையடிவாரத்தில் நடந்தபோது, புதருக்குள் நீளும் ஒரு மண்கரையும், அதன் கோடியில் கல் வளைவு கட்டிய ஒரு குகை வாசலும் கண்ணில் பட்டன. அது பழைய ரயில் பாதையா, சுரங்கமா? உள்ளே போய்ப் பார்க்கலாமா?

பதில்: இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். போகாதீர்கள். டார்ச் இருந்தாலும், ஹெல்மெட் இருந்தாலும், பத்தடிதான் என்றாலும் வேண்டாம்.

கூரை இடிந்து விழும் என்றுதான் பலரும் பயப்படுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிய பயம் காற்றைப் பற்றியது. நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் ஏறத்தாழ 21 சதவீதம். கைவிடப்பட்ட சுரங்கத்துக்குள் தாங்கு மரங்கள் மட்கும்போதும், தாதுக்கள் காற்றோடு வினைபுரியும்போதும் அந்த அளவு குறைந்துகொண்டே போகும். மிஞ்சும் காற்றுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ஏதோ சரியில்லை என்று உணர்வதற்குள் நினைவு தப்பிவிடும். வளிமண்டல அழுத்தம் இறங்கும் நாட்களில் இந்தக் கெட்ட காற்று வாசல் வரை வெளியே வரும். ஆகவே, போன வாரம் ஒன்றும் ஆகவில்லை என்பது இன்றைக்கு உத்தரவாதம் ஆகாது. உள்ளே யாராவது விழுந்துவிட்டால் பின்னாலேயே ஓடாதீர்கள். மீட்புப் படையை அழையுங்கள். தூக்கப் போனவரும் அருகிலேயே விழுந்த விபத்துகள் சுரங்க வரலாற்றில் பல.

சரி, அது என்னவாக இருந்திருக்கும்? சரிவைப் பாருங்கள். ரயிலுக்கு ஏற்றம் ஆகாது. 100 அடிக்கு 1 அடி உயர்வது சாதாரணம். 50 அடிக்கு 1 அடி என்றாலே நீராவி என்ஜின் திணறும். அதனால்தான் பள்ளத்தில் கரை எழுப்பியும் மேட்டை வெட்டியும் பாதை போட்டார்கள். ஏறுவதே தெரியாமல், பெரிய வளைவாகத் திரும்பிப் போகும் கரை பெரும்பாலும் ரயில் பாதைதான். இரண்டு வரிசையாகத் துளையிட்ட கற்கள் பதிந்திருந்தால் இன்னும் மகிழ்ச்சி: அது குதிரைகள் வண்டி இழுத்த காலத்துப் பாதை. குதிரை நடக்க இடம் விட்டு, தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டைக்குப் பதிலாக இருபுறமும் கற்களை வைத்தார்கள்.

நேர்கோட்டில் செங்குத்தாக ஏறும் தடமும் ரயில் பாதையாக இருக்கலாம். மேலே நிலையாக நின்ற என்ஜின் கயிறு கட்டி வண்டிகளை இழுத்த இடம் அது. இங்கிலாந்தின் குரோம்ஃபோர்ட் – ஹை பீக் ரயில் பாதையில், மிடில்டன் சரிவு ஏறத்தாழ 8 அடிக்கு 1 அடி ஏறுகிறது. 1967-இல் மூடப்பட்ட அந்தப் பாதையில் இன்று மக்கள் நடக்கிறார்கள். 1829-இல் செய்த என்ஜின் தன் கட்டடத்துக்குள் இன்னும் நிற்கிறது.

வாசலையும் தள்ளி நின்று அளவிடலாம். ரயில் நுழையும் அளவுக்கு உயரமும் அகலமும் இருந்தால் அது ரயில் குகைப்பாதை. ஆள் குனிந்து நுழையும் அளவுதான், அடியில் நீர் கசிகிறது என்றால் சுரங்கம். நீர் தானாக வடியட்டும் என்றே அதன் தரையை வெளிப்பக்கம் சற்றுச் சரித்து வெட்டுவார்கள். அந்த நீர் செம்மஞ்சளாக இருந்தால், உள்ளிருந்து இரும்பு கரைந்து வருகிறது என்று பொருள்.

ஒரு எச்சரிக்கை மீதி இருக்கிறது. சுரங்கம் இருக்கும் இடத்தில் செங்குத்துக் குழிகளும் இருக்கும். சிலவற்றை மரப்பலகையால் மூடி, மேலே மண்ணைக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். பலகை உளுத்தாலும் மேலே புல் பசுமையாகவே இருக்கும். சுற்றிலும் மண் வளையம் கொண்ட வட்டப் பள்ளத்தையோ, வெட்டவெளியில் காரணமில்லாமல் வேலியிட்ட இடத்தையோ கண்டால் விலகியே நடங்கள். மகள் தடத்தை விட்டு ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுரங்கக் கழிவு மேட்டில் ஈயமோ ஆர்சனிக்கோ இருக்கக்கூடும். அங்கே அமர்ந்து சாப்பிட வேண்டாம். கல்லைத் தொட்டிருந்தால் கையைக் கழுவிய பிறகே உணவைத் தொடுங்கள்.