சுங்கை சிப்புட்டில் இருந்தபடியே வாசனைத் தொழிலை வளர்க்க முடியுமா?

வீட்டில் வாசனை மெழுகுவர்த்தி செய்து விற்பவர், வாசனைத் திரவியத்தையும் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சேர்க்கலாம், ஆனால் முதலில் மெழுகுவர்த்தியில் காலூன்றுங்கள். மலேசியாவில் வாசனைத் திரவியம் சட்டப்படி அழகுசாதனப் பொருள். விற்பதற்கு முன் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பான என்பிஆர்ஏவிடம் அறிவிக்க வேண்டும். மெழுகுவர்த்திக்கு அந்தப் படி இல்லை.

குடுவையில் ஊற்றும் சோயா மெழுகு சுமார் 50 பாகை செல்சியசிலேயே இளகும். வெயிலில் பூட்டிய காரில் குழைந்துவிடும். செம்பனை மெழுகு இன்னும் தாங்கும், அதுவும் நம் தோட்டத்து விளைச்சலில் பிறப்பது! நறுமண எண்ணெய் மெழுகின் எடையில் 6 முதல் 10 விழுக்காடு போதும். ஊற்றியபின் ஒன்றிரண்டு வாரம் பொறுங்கள். அவசரப்பட்டால் மணம் எழாது. தீபாவளிக்கு மல்லிகையும் சந்தனமும் மட்டும் வையுங்கள். இருபது மணங்களோடு தொடங்கித் திணறியவர்களைப் பார்த்து வருந்தியிருக்கிறேன்.