வாசகர் கேள்வி – பதில்: நினைவு மலரில் அப்பாவை எப்படி எழுதுவது?

கேள்வி: கடந்த ஆண்டு காலமான என் அப்பா, கணித ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பின்னரும் ஊர்ச் சனசமூக நிலையத்தில் மாலை நேரங்களில் பிள்ளைகளுக்கு இலவசமாகப் படிப்பித்தவர். அந்தியேட்டிக்கு (முப்பத்தோராம் நாள் கிரியைக்கு) மலர் வெளியிட முடியவில்லை. ஆண்டுத்திவசத்துக்கு வெளியிட விரும்புகிறோம். பழைய மலர்களைப் பார்த்து நான் எழுதியதை வாசித்தால், அது யாருடைய அப்பாவுக்கும் பொருந்தும் போலிருக்கிறது. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர், சாவகச்சேரி

பதில்: உங்களுக்குத் தோன்றிய குறை உண்மையானது, அது தோன்றியதே நல்லது. என் பாட்டனாரின் நினைவு மலர் என்னிடம் இருக்கிறது. அதில் அவர் ‘பரோபகாரி’, ‘பண்பாளர்’, ‘இன்முகத்தர்’ என்றெல்லாம் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அவர் யாருக்கு என்ன உதவி செய்தார், எதைக் கண்டு சிரித்தார், பிள்ளைகளை என்ன சொல்லிக் கூப்பிட்டார் என்பவற்றில் ஒன்றையேனும் அதிலிருந்து நான் அறிந்துகொள்ள முடியவில்லை. எழுதியவர்கள் அவரை நேரில் அறிந்திருந்ததால், விளக்கம் வேண்டியதில்லை என்று எண்ணியிருப்பார்கள். அறிந்தவர்கள் எல்லோரும் போய்விட்ட பிறகு வாசிக்கப் பிறந்தவன் நான்.

ஆகவே, புகழ்ச் சொற்களை முதலில் ஒதுக்கி வைத்துவிட்டு, உங்கள் அப்பாவின் ஒரு நாளை எழுதிப் பாருங்கள். விடிய எத்தனை மணிக்கு எழும்பினார், கிணற்றடியில் என்ன தேவாரம் பாடினார், பாடசாலைக்குச் சைக்கிளில் எந்த ஒழுங்கையால் போனார், மாலை வகுப்பு முடிந்து வீட்டுக்கு வரும்போது அம்மா விழித்திருந்தாரா என்பவை சிறிய செய்திகள் போலத் தோன்றினாலும், அவரை வேறு எந்த ஆசிரியரோடும் மாற்றிக் கொள்ள முடியாதபடி காட்டுபவை அவையே. அதன் பிறகு, அந்த மாலை வகுப்புக்கு வந்த ஐந்தாறு பேரைத் தேடிச் சென்று அவர்களிடம் கேளுங்கள். “சேர் நல்லவர்” என்றுதான் எல்லோரும் தொடங்குவார்கள். “எந்தக் கணக்கு உங்களுக்கு வராமல் இருந்தது, அதை அவர் எப்படி விளங்கப்படுத்தினார்?” என்று கேட்டால் பேச்சு வேறு விதமாகத் திரும்பும். சாதாரண தரப் பரீட்சையில் இரண்டு முறை தவறியவர் ஒருவர் அவர்களுள் இருந்தால், அவரிடம் கட்டாயம் கேளுங்கள். கெட்டிக்காரப் பிள்ளைகளை விட அவருக்கே உங்கள் அப்பாவின் பொறுமை நன்றாகத் தெரிந்திருக்கும்.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில், போரினால் இடம்பெயர்ந்த வலிகாமத்து மக்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு தென்மராட்சிக்கு நடந்தபோது, வீடுகளிலிருந்த காணி உறுதிகளும் கடிதங்களும் படங்களும் பின்னே விடப்பட்டன. இப்படி ஆவணங்களை இழந்த ஓர் ஊரில், சாதாரண மனிதர்களின் வாழ்க்கைக்குப் பல இடங்களில் எஞ்சியிருக்கும் அச்சுச் சான்று இந்த மலர்கள்தாம். ஈழத்துத் தமிழ் ஆவணங்களை இணையத்தில் சேர்த்துவைக்கும் நூலக நிறுவனம் 2005ஆம் ஆண்டு முதல் இவற்றையும் சேகரித்து, மின்வடிவாக்கி, யாரும் வாசிக்க வைத்திருக்கிறது. உங்கள் மலரின் ஒரு பிரதியை அங்கும் சேர்ப்பியுங்கள். வம்சாவளியை வரையும்போது, வழக்கமாக விடுபட்டுப் போகும் பெண்களின் பெயர்களையும், அவர்கள் பிறந்த ஊர்களையும் சேர்த்து எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: இறந்த திதியைச் செய்யுளில் சொல்லும் திதி வெண்பா இந்தக் காலத்திலும் மலரில் வேண்டுமா? பிறப்பும் இறப்பும் ஆங்கிலத் திகதியில் இருந்தால் போதாதா?
– ஒரு வாசகி, நல்லூர்

பதில்: திவசம் திகதியில் வருவதில்லை, மாதம், பக்கம் (வளர்பிறையா தேய்பிறையா என்பது), திதி பார்த்து வருகிறது. ஆண்டின் பெயர், மாதம், பூர்வபக்கமா அபரபக்கமா என்பது, திதி ஆகியவற்றை நாலு அடிக்குள் வைத்துவிட்டால், தொராண்டோவிலோ இலண்டனிலோ இருக்கும் பேரப்பிள்ளையும் பஞ்சாங்கத்தைப் பார்த்து நாளைக் கண்டுகொள்ளலாம். அந்தப் பயன் கருதியே முன்னோர் அதை யாப்பில் கட்டி மனப்பாடத்துக்கு ஏற்றதாக்கினார்கள். வெண்பா எழுதத் தெரிந்தவர் கிடைக்காவிட்டால் உரைநடையில் ஒரு வரியாக எழுதுங்கள்; தளை தட்டும் வெண்பாவை விட அது மேல்.

கேள்வி: மாணவன் ஒருவனின் பல்கலைக்கழகச் செலவுக்காக அப்பா, அம்மாவின் நகையை அடகு வைத்தார். அது மீளவே இல்லை. இதை மலரில் எழுத வேண்டும் என்கிறேன் நான். குடும்ப மானம் போகும் என்கிறார் அண்ணன். தங்கள் கருத்து?
– ஒரு வாசகர், பருத்தித்துறை

பதில்: உங்கள் அண்ணனின் தயக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் மறைப்பதுதான் மரியாதை என்று எல்லாப் பெரியவர்களும் நினைக்கவில்லை. உ. வே. சாமிநாதையரின் தமிழாசிரியரான மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876ஆம் ஆண்டு காலமானார். மாணாக்கர் பலருக்குப் பாடம் சொன்னதோடு சோறும் இருப்பிடமும் தந்து ஆதரித்த அவருக்கு, கடைசி வரை பணமுடை தீரவில்லை. அவருடைய சரித்திரத்தை உ. வே. சாமிநாதையர் 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக வெளியிட்டபோது, ஆசிரியரின் அந்த வறுமையை மூடி வைக்கவில்லை. சவேரிநாத பிள்ளை என்ற கிறிஸ்தவ மாணாக்கர் தம் மார்பில் ஆசிரியரைச் சாய்த்துத் தாங்கியிருக்க, சாமிநாதையர் திருவாசகத்து அடைக்கலப் பத்தை வாசிக்க, ஆசிரியரின் உயிர் பிரிந்தது. அந்த இரவின் செய்தியையும் கடன் தொல்லையையும் ஒன்றாக வைத்து வாசிக்கும்போது, எனக்கு அந்த ஆசிரியர் மீது மதிப்புக் கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

ஆனால் உங்கள் வீட்டுக் கதையில் ஒன்றைக் கவனியுங்கள். கொடுத்தவர் அப்பா என்று எழுதியிருக்கிறீர்கள். கழற்றிக் கொடுத்த கழுத்து அம்மாவுடையது. எனவே, எழுதுவதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் உரிமை உங்களுக்கோ அண்ணனுக்கோ இல்லை. அம்மாவின் அருகில் ஆறுதலாக இருந்து கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சம்மதித்தால், மாணவனின் பெயரைத் தவிர்த்து, அம்மா சொல்லும் பேச்சிலேயே அதை எழுதிக்கொண்டு, அந்தப் பக்கத்தில் அப்பாவின் பெயருக்கு முன்னால் அம்மாவின் பெயரை அச்சிடுங்கள்.