இசக்கியைச் சுட வேண்டாம், மக்களே

கேள்வி: டீச்சர், இளவயதுக்காரர்களுக்காக ஒரு தொடர்கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். பௌர்ணமி ராத்திரியில் ஓநாயாக மாறும் ஐந்து பேர், எல்லாருக்கும் பதினேழு வயது. ஊரைக் கெடுக்கும் பேய்களை வேட்டையாடுவதுதான் அவர்கள் வேலை. முதல் பாகத்தின் முடிவில், பேயாக அலைந்து தெய்வமான இசக்கியை வெள்ளித் தோட்டாவால் சுட்டு அழிக்கிறார்கள். ‘ஓநாய் மனுசன் வெளிநாட்டுக் கதை, அதுவும் நல்லவனா எப்படி இருப்பான்?’ என்று தோழிகள் கேட்கிறார்கள். எழுதவா, விடவா?
- கல்லூரி மாணவி, தக்கலை

பதில்: எழுது மக்களே.

நல்ல ஓநாய் மனிதன் இன்று நேற்று வந்தவன் இல்லை. 1691-இல் லிவோனியாவில், அதாவது இன்றைய லாட்வியா பக்கம், தீஸ் என்ற எண்பது வயது தாண்டிய கிழவர் ஒரு திருட்டு வழக்கில் சாட்சி சொல்ல வந்தார். வந்த இடத்தில், தான் ஓநாயாக மாறுகிறவன் என்று நீதிபதிகளிடமே ஒத்துக்கொண்டார். நாங்கள் கடவுளின் வேட்டை நாய்கள், மந்திரவாதிகள் நரகத்துக்குக் கடத்திப்போன தானியத்தைச் சண்டை போட்டு மீட்டு வருகிறோம் என்றார். அந்தச் சண்டையில் துடைப்பக் கட்டையால் அடிபட்டு மூக்கு உடைந்த கதையையும் சொன்னார். கிடைத்தது கசையடித் தண்டனை. தான் பிசாசின் ஆள் என்று மட்டும் அவர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. உன் ஐந்து பேருக்கும் மூத்தவர் அவர்தான். தோழிகளிடம் சொல்.

என் மனசு ஒப்பாதது இசக்கியைச் சுடுவதுதான்.

அவள் கதையை நான் முதலில் கேட்டது திருவட்டாரில், ஆச்சி மடியில் படுத்துக்கொண்டு, கோயில் கொடைத் திருவிழா ராத்திரியில். வில்லுப்பாட்டு பாடும் அண்ணாவி வீசுகோலை ஓங்கி வில்லில் அடித்துப் பாடினார். தன் மடியில் நம்பிப் படுத்துத் தூங்கியவளின் தலையில் கல்லைப் போட்டுக் கொன்றுவிட்டு நகையோடு போகிறான் ஒருவன். பக்கத்தில் நின்ற கள்ளிச்செடி ஒன்றுதான் சாட்சி. மறுபிறவியில் அந்தக் கள்ளிக் கொம்பையே பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நியாயம் கேட்டு வருகிறாள். மடியில் படுத்திருந்த எனக்கு உடம்பு நடுங்கிவிட்டது. ஆச்சி முடியைக் கோதிக்கொண்டே, “பயப்படாத பிள்ளே, அவளுக்க பக்கந்தான் நியாயம்” என்றாள். முப்பந்தலில் அவள் கோயில் முன்னால் இன்றும் வண்டியை நிறுத்திக் கும்பிட்டுவிட்டுத்தான் போகிறார்கள். பிள்ளை வரம் கேட்டுப் பொம்மை வைப்பதும் அவளிடம்தான்.

வில்லுப்பாட்டில் வாதையை, அதாவது இப்படி அநியாயமாய்ச் செத்து ஆவியானவளை, கொன்று முடிப்பதில்லை. பிறந்ததிலிருந்து செத்தது வரை அவள் கதையைப் பாடி, நிலையம், அதாவது குடியிருக்க ஓர் இடம், கொடுத்து உட்கார வைக்கிறார்கள். உன் ஓநாய்கள் தேடிப் போக வேண்டியது அந்தக் கதையை. யார் அவளைக் கொன்றான், நகை எங்கே போனது, கொன்றவனின் வம்சம் இன்று எந்த ஊரில் இருக்கிறது? வேட்டை என்றால் அது வேட்டை! ஐவரில் ஒருவன் அந்த வம்சத்துப் பையனாகவே இருந்துவிட்டால் முதல் பாகம் எங்கே போய் நிற்கும், யோசித்துப் பார்.

இன்னொன்று. ஓநாய்க்கு வறண்ட வெட்டவெளிதான் பிடிக்கும். நம் மழைக்காட்டுக்கு அது ஒட்டாது. மேற்குத் தொடர்ச்சி மலைக்குச் சொந்தமானது செந்நாய். கூட்டமாகத்தான் வேட்டைக்குப் போகும், ஊளைக்குப் பதில் சீட்டி அடித்துக் கூப்பிட்டுக்கொள்ளும். பேச்சிப்பாறைப் பக்கம் விடியும் முன்னே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு பால்வெட்டப் போகிறவருக்கு, ரப்பர் மரங்களுக்கு நடுவே அந்தச் சீட்டி கேட்கட்டும். எனக்கு இப்போதே புல்லரிக்கிறது.

அவர்கள் முதல்முறை மாறுவதைக் கன்னியாகுமரியில் சித்ரா பௌர்ணமி அன்று வை. மேற்கே சூரியன் கடலில் இறங்கும்போதே கிழக்கே நிலா ஏறும். பாதி மனிதன், பாதி மிருகமாக நிற்க அதைவிட நல்ல நேரம் ஏது? ஒரு பௌர்ணமிக்கும் அடுத்ததற்கும் இருபத்தொன்பதரை நாள் இடைவெளி என்பதையும் மறந்துவிடாதே; நீ அனுப்பிய அத்தியாயங்களில் ஒரே மாதத்தில் மூன்று வருகிறது.

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகன் பேய்க்கதை மட்டும்தான் படிக்கிறான். தடுக்கவா?
- ஒரு தாய், பூதப்பாண்டி

பதில்: வேண்டாம் அம்மா. ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து உங்களுக்கும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் அம்மை சொன்ன மாடன் கதை ஒன்றைப் பதிலுக்கு நீங்கள் சொல்லுங்கள்.